தராசின் முகம் யார் பக்கம்?

சென்ற ஆண்டின் இறுதித் தவணையில், பதுளை நகரை அண்மிய பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றிருந்தேன். பிரதம விருந்தினராக வந்த பெரியவர் அரைமணி நேரம் பேசினார். அவருடைய பேச்சின் சாரம் இதுதான்: தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைக் கெடுத்தது கைத்தொலைபேசி, அதற்கு அடிமையாகிவிட்ட பிள்ளைகளுக்கு மன உறுதி போதாது, வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்து அதனை வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு அறிவு போதாது. மண்டபத்தின் பின்வரிசைகளில், அரைப்பேரை இழந்து கொழுந்து மலையிலிருந்து வந்திருந்த தாய்மார் தலைகுனிந்து அமர்ந்திருந்தனர். முன்வரிசையிலிருந்த ஆசிரியர்களாகிய நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலுக்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இவ்வகைப் பேச்சு நமக்குப் புதிதன்று. மலையகத் தொழிலாளியைப் பற்றி இரண்டு குற்றச்சாட்டுகள் அருகருகே வழங்கி வருகின்றன. வங்கியிலும் பிரதேச செயலகத்திலும், "இவர்களுக்கு எந்த இயந்திரத்தையும் கையாளத் தெரியாது" என்கிறார்கள். மேடையிலோ, "இவர்கள் இயந்திரத்தைக் கீழே வைக்கவே மாட்டார்கள்" என்கிறார்கள். ஒன்று அறியாமையைப் பழிக்கிறது. மற்றது ஆசையைப் பழிக்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே முடிவுக்கே வருகின்றன: குற்றம் மனிதனின் மண்டைக்குள் இருக்கிறது என்பதே அம்முடிவு. கருவியை ஆக்கியவன் யார், அதனை ஏன் அவ்வாறு ஆக்கினான், அதனால் இலாபம் பெறுபவன் யார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

அக்கேள்விகளை எழுப்புவதற்கு ஒரு விஞ்ஞானம் உண்டு. மனிதன் அன்றாடக் கருவிகளோடு பழகும்போது அவனுடைய கவனமும் நினைவும் பழக்கமும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராயும் உளவியலே அது. கருவி செய்பவர்கள் அதனை நன்கு கற்று நாள்தோறும் நம்மீது பயன்படுத்துகிறார்கள். நமக்கோ அது நம் மொழியில் எட்டவில்லை. எட்டாததற்குக் காரணம் அது கடினமாக இருப்பதன்று என்பதைக் காட்டுவதற்கு, நம் கண்முன் நிகழும் சிறிய காரியம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பிய பணத்தை எடுப்பதற்காக ஒரு தாய் பதுளைக்கு வருகிறாள். வங்கியின் ஏ.ரி.எம். இயந்திரத்தில் அட்டையை இடுகிறாள், இலக்கத்தை அழுத்துகிறாள், பணம் வருகிறது. பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அட்டை இயந்திரத்திலேயே நின்றுவிடுகிறது. மறுநாள் அரைப்பேரை இழந்து மீண்டும் வருகிறாள். உள்ளே இருப்பவரிடம் திட்டு வாங்குகிறாள். திரும்பும் வழியில் என்னிடம் அவள் சொன்னது: "எம் மண்டைக்கு இதெல்லாம் ஏறாதுங்க சேர்."

உண்மையில் அவளுடைய மண்டையில் கோளாறு ஏதுமில்லை. மனித மனம் ஒரு குறிக்கோளோடு ஒரு காரியத்தைத் தொடங்குகிறது. குறிக்கோள் கைகூடியவுடன் அக்காரியத்தை முடிந்ததாகக் கருதி விட்டுவிடுகிறது. அதற்குப் பின்னும் எஞ்சியிருக்கும் சிறு வேலையை மறப்பது எல்லா மனிதருக்கும் இயல்பு. பேராசிரியரும் மறப்பார், அமைச்சரும் மறப்பார். பணத்தை முதலில் கொடுத்து அட்டையைப் பின்னர் கொடுக்கும் இயந்திரத்தில் பலரும் அட்டையை விட்டுச் சென்றனர். இதனை அறிந்த பல நாட்டு வங்கிகள் வரிசையை மாற்றின. அட்டையைக் கையில் எடுத்தால்தான் பணம் வெளியே வரும் என்று அமைத்தன. மறதி பெருமளவு குறைந்தது. அங்கே மனிதர்கள் திடீரென்று புத்திசாலிகளாகிவிடவில்லை. இயந்திரம் திருந்தியது, அவ்வளவே.

அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் நோர்மன் 1988இல் வெளியிட்ட நூலுக்கு 'அன்றாடப் பொருள்களின் உளவியல்' என்றே பெயரிட்டார். தள்ள வேண்டிய கதவை இழுத்துவிட்டு, "நான் எவ்வளவு மடையன்!" என்று தன்னையே நொந்துகொள்ளும் மனிதனைப் பற்றி அதில் எழுதினார். கதவின் கைப்பிடி இழு என்று சொல்கிறது. கதவோ தள்ளினால்தான் திறக்கும். அப்படியாயின் பொய் சொன்னது யார் என்று கேட்டார். 1979இல் திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது முதற்பழி அங்கு பணியிலிருந்தவர்கள் மீதே விழுந்தது. கட்டுப்பாட்டு அறையை ஆராய்ந்தவர்களுள் நோர்மனும் ஒருவர். தவறு நேரும்படியாகவே அந்த அறை அமைந்திருந்ததைக் கண்டதாக அவர் பின்னர் எழுதியிருக்கிறார். அணுமின் நிலையத்தின் பயிற்சி பெற்ற பணியாளனுக்கும் நமது கொழுந்து பறிக்கும் தாய்க்கும் நேர்ந்த அநீதி ஒன்றே. அமைப்பின் பிழையை ஆளின் பிழையாக மாற்றும் வித்தை அது.

இவ்வித்தையின் விளைவு அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. 1967இல் செலிக்மன், மேயர் என்னும் ஆய்வாளர் இருவர், தாம் என்ன செய்தாலும் தவிர்க்க முடியாத மின்னதிர்ச்சிக்கு நாய்களை உட்படுத்தினர். அதன் பின்னர் எளிதாகத் தப்பிச் செல்லக்கூடிய கூண்டில் அவற்றை விட்டபோது, பல நாய்கள் தப்ப முயலாமல் படுத்தே கிடந்தன. அவை சோம்பேறி நாய்கள் அல்ல. முயற்சியால் பயனில்லை என்று அவற்றுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. படிவமும் இயந்திரமும் அலுவலரும் சேர்ந்து ஒரு பெண்ணுக்கு இருபது ஆண்டுகளாக இப்பாடத்தையே கற்பித்துவிட்டு, அவள் "எம் மண்டைக்கு ஏறாது" என்று சொல்லும்போது அதனை அவளுடைய பிறவிக் குணமாகக் கொள்வது எவ்வளவு பெரிய கொடுமை! அந்த வாக்கியத்தை அவள் தாய்ப்பாலோடு பெறவில்லை. நாம் கொடுத்தோம்.

இனி இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். கைத்தொலைபேசியை ஏன் கீழே வைக்க முடியவில்லை?

தமிழ்ப் பாடத்தில் 'கைத்தொலைபேசியின் நன்மை தீமைகள்' என்றொரு கட்டுரைத் தலைப்பு உண்டு. மாணவர்கள் அதனை மனனம் செய்து எழுதுவார்கள்: நன்மை மூன்று, தீமை மூன்று, முடிவில் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஆண்டுதோறும் அதனைத் திருத்திச் சலித்த நான், தரம் பத்து மாணவர்களிடம் வேறொன்றைக் கேட்டேன். நேற்று மாலை கைத்தொலைபேசியை எத்தனை தடவை கையில் எடுத்தாய், ஒவ்வொரு தடவையும் எதற்காக எடுத்தாய், எதற்காகக் கீழே வைத்தாய் என்று எழுதிவரச் சொன்னேன். எடுத்ததற்குப் பலவகைக் காரணங்களை எழுதியிருந்தார்கள். வைத்ததற்குரிய காரணங்களோ வேறு விதமாக இருந்தன. டேட்டா முடிந்தது, சார்ஜ் இறங்கியது, அம்மா பறித்தார், தூங்கிவிட்டேன். 'எனக்குப் போதும் என்று தோன்றியது' என்று எழுதியவர் எவரையும் காணேன்.

அன்றிரவு அதே கேள்வியை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். பரீட்சை விடைத்தாள்களை மேசையில் வைத்துவிட்டு, நள்ளிரவு வரை முகநூலில் விரலைத் தள்ளிக்கொண்டிருக்கும் பட்டதாரி ஆசிரியனாகிய எனக்கும் அம்மாணவர்களுடைய விடையே விடையாக இருந்தது. மன உறுதியின்மை தோட்டத்துப் பிள்ளையின் குணமெனில், எனது குணம் யாது?

இதனை நமது லயங்களின் தண்ணீர்க் குழாயைக் கொண்டு விளக்கலாம். திறந்த போதெல்லாம் தண்ணீர் வரும் குழாயருகே யாரும் காத்து நிற்பதில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருபோதும் தண்ணீர் வராத குழாயருகேயும் யாரும் நிற்பதில்லை. எப்போது வரும் என்று தெரியாமல், சில வேளைகளில் மட்டும் வரும் குழாயருகேதான் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நிற்கிறார்கள். அடுப்பில் சோறு இருக்கும்போதும் இடையிடையே ஓடிவந்து குழாயைத் திருகிப் பார்க்கிறார்கள். ஸ்கின்னர் என்ற உளவியலாளரும் அவருடைய துணைவர் பேர்ஸ்டரும் புறாக்களைக் கொண்டு நடத்திய நெடுங்கால ஆராய்ச்சிகளை 1957இல் வெளியிட்டபோது காட்டியதும் இதற்கு நெருங்கிய உண்மையே. கொத்தும் ஒவ்வொரு தடவையும் தானியம் கிடைத்த பறவை, தானியம் நின்றவுடன் விரைவில் கொத்துவதை விட்டது. எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று கணிக்க முடியாதபடி செய்யப்பட்ட பறவையோ ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. சூதாட்ட இயந்திரம் இயங்குவது இந்த விதியின் மேல்தான். கைத்தொலைபேசியின் திரையைத் திறக்கும்போது, நண்பனின் செய்தி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் இட்ட படத்தை யாரேனும் விரும்பியிருக்கலாம், விரும்பாமலும் போயிருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்பதுதான் விரலை இழுக்கிறது.

குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராதது தோட்ட நிர்வாகத்தின் அலட்சியம். திரையிலோ இது அலட்சியத்தால் நேர்ந்ததன்று, ஆய்ந்து அமைக்கப்பட்டது. முன்பெல்லாம் இணையப் பக்கங்களுக்கு ஒரு முடிவு இருந்தது. முடிவில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் வரும். அந்தக் கணத்தில் மனிதன் சற்று நின்று, இன்னும் வேண்டுமா என்று எண்ணுவான். கொழுந்து பறிப்பவர் நிரையின் கடைசிச் செடியில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவது போன்ற கணம் அது. 2006இல் அசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், விரலைத் தள்ளத் தள்ளப் பக்கம் முடிவின்றி வளரும் முறையை உருவாக்கினார். நிரையின் கடைசிச் செடி இல்லாமற் போயிற்று. பல ஆண்டுகளின் பின்னர், அதனை ஆக்கியதற்காக அவரே பகிரங்கமாக வருந்தினார். முகநூல் நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்த ஷோன் பார்க்கர், மனித மனத்தின் பலவீனம் ஒன்றை அறிந்தே பயன்படுத்தினோம் என்ற கருத்தை 2017இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆக்கியவர்களே குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது, நமது மேடைப் பேச்சாளர் மட்டும் பசறையிலும் மடுல்சீமையிலும் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருக்கிறார்!

கைத்தொலைபேசியால் இளைஞர் மனத்துக்கு எவ்வளவு தீங்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். நான் தீங்கை மிகைப்படுத்த விரும்பவில்லை. நம் கவனத்தை விளம்பரக்காரருக்கு விற்று வாழும் நிறுவனங்கள், அக்கவனத்தைப் பிடித்து வைப்பதற்காக உளவியலைப் பயன்படுத்துகின்றன என்பதில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை.

அந்தப் பிடி தோட்டத்தில் ஏன் மேலும் இறுகுகிறது? ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட லய அறையில், அடுப்பும் படுக்கையும் பாட்டியும் கைக்குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருக்கப் பிள்ளைக்குப் படிக்க ஒரு மூலை இல்லை. வாசிகசாலை பல தோட்டங்களில் இல்லை. இருக்கும் இடத்திலும் பூட்டிக் கிடக்கிறது. மாலையில் பெற்றோர் மலையிலிருந்து திரும்பும்வரை அவனோடு பேசும் ஒரே பொருள் அந்தத் திரைதான். அத்திரையை அவன் கையில் கொடுத்தது யார் என்பதையும் மறந்துவிடலாகாது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, "பாடம் வாட்சப்பில் வரும், தொலைபேசி வாங்குங்கள்" என்று தாய்மாரிடம் சொன்னவர்கள் ஆசிரியர்களாகிய நாங்களே. சிலர் தோட்டை அடகு வைத்தனர். சிலர் வட்டிக்குக் கடன் பட்டனர். 2021இல் எமது ஊவாவின் பொஹிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள், சமிக்ஞை தேடிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சியில் அமர்ந்து பாடம் படித்த செய்தி உலகெங்கும் பரவிற்று. தமிழ்த் தோட்டத்துப் பிள்ளையும் சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் அன்று ஒரே சமிக்ஞைக்காக ஒரே மலையில் ஏறினார்கள். கல்வியின் வாசல் இதுவே என்று கூறி அக்கருவியைத் திணித்துவிட்டு, வாசலுக்குள் விரித்திருந்த வலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவிட்டு, இன்று பிள்ளை வலையில் சிக்கினான் என்று பரிசளிப்பு விழாவில் பழிப்பது நியாயமா?

மலையகத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது பழைய கதையின் புதிய அத்தியாயமாகவே தோன்றும். 'துண்டு' என்ற சீட்டை நம் பாட்டன்மார் அறிவார்கள். இன்ன தொகையைச் செலுத்தினால் இன்ன தொழிலாளரை விடுவிக்கலாம் என்று எழுதப்பட்ட அச்சீட்டின் வழியே, கங்காணியின் கடனோடு தொழிலாளியும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினான். தன்னைப் பிணைத்த காகிதத்தை அவனால் வாசிக்க முடியவில்லை. வாசிக்கத் தெரிந்தவன் எசமானனாக இருந்தான். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று தொலைபேசித் திரையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை நாம் அழுத்துகிறோம். அதன் கீழுள்ள நீண்ட ஆங்கில வாசகத்தை எவரும் வாசிப்பதில்லை. வாசிக்காமல் அழுத்துவதற்கு ஏற்றவாறே அது அமைக்கப்பட்டிருக்கிறது. பழைய அடிமைத்தனத்தின் கொடுமைக்கு இது ஈடாகும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தரப்பு வாசிக்கவும் மறு தரப்பு கைநாட்டு இடவும் மட்டுமே அறிந்திருக்கும் ஒப்பந்தத்தின் இலக்கணம் மாறவில்லை என்பதையே சொல்கிறேன்.

இங்கே என் தோழர் ஒருவர் குறுக்கிடுவார். "சம்பளப் போராட்டம் இருக்கிறது; வீட்டுரிமையும் காணியுரிமையும் இருக்கின்றன. நீரோ உளவியல், திரை, விரல் என்று பேசுகிறீர். இவை நடுத்தர வர்க்கத்தின் மனக்கவலைகள் அல்லவா?"

தோழரின் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் கருவிக்கும் மனத்துக்கும் உள்ள உறவு உயிரோடு விளையாடிய இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்த மண் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அழிவின் பின் எழுந்த பேச்சு யாது? "சொன்னோம், அவர்கள் போகவில்லை." மீண்டும் அதே வித்தை! எச்சரிக்கையும் ஒரு கருவியே. போக்கிடம் காட்டாத எச்சரிக்கை மனித மனத்தில் என்ன செய்யும் என்பதை உளவியல் சொல்லும்: தப்பும் வழி தெரியாதபோது மனிதன் அச்சத்தை அடக்குவதற்காக ஆபத்தையே மறுக்கத் தொடங்குகிறான், இத்தனை மழைக்கும் நின்ற மலை இன்னும் நிற்கும் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். மாற்று வீடும் மாற்று நிலமும் கொடுத்து, எந்த மழைக்கு எந்தப் பாதையால் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று அவனுடைய மொழியில் சொல்லியிருந்தால், அது எச்சரிக்கை. அதைச் செய்யாதவர்களுக்கு, இறந்தவர்களின் பிடிவாதத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை. தோழரே, இது காணியுரிமைக்கு வெளியே உள்ள பிரச்சினையா? காணியுரிமைக் கோரிக்கைக்கு உளவியல் ஒரு புதிய வாதத்தைத் தருகிறது.

நமது முன்னோடிகள் இந்தப் பிரிவினையை அறிந்ததில்லை. கோ. நடேசய்யர் மலையகத்துக்கு வருவதற்கு முன், தஞ்சையில் எண்ணெய் எஞ்சின்களைப் பற்றியும் கணக்குப் பதிவைப் பற்றியும் தமிழில் நூல் எழுதியவர். புடவை வியாபாரியைப்போல் வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தவரும், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவரும், தொழிற்சட்டத்தைத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொடுத்தவரும் அவரே. அவருடைய சிறு நூலொன்றின் பெயர் 'நீ மயங்குவதேன்?' அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையோ மக்கள் அறிந்த மெட்டுகளில் பாடியே உரிமையைப் பரப்பினார். எஞ்சினின் இயக்கத்தையும் சட்டத்தின் இயக்கத்தையும் மக்கள் மொழியில் சொல்வது ஒரே பணியென அவர்கள் கருதினார்கள். அப்பணியில் இன்றைய பட்டதாரிகளாகிய நாம் எங்கே நிற்கிறோம்? உளவியல் கற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தமிழில் எழுதும்போதும் கலைச்சொல்லின் மேல் கலைச்சொல்லை அடுக்கி, வாசகனிடமிருந்து அதே "மண்டைக்கு ஏறாது" என்ற விடையைப் பெறுகிறார்கள். ஏறாத தமிழை எழுதியவன் குற்றவாளியா, ஏறவில்லை என்றவன் குற்றவாளியா?

செய்ய முடியாத காரியமும் அன்று இது. 1990களின் இறுதியில், நம் மலைநாட்டின் கொத்மலைச் சமூக வானொலி ஒரு நல்ல வேலையைச் செய்தது. கிராமத்து மக்கள் கேள்விகளை அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, கண்டதை மக்களின் பேச்சு மொழியிலேயே வானொலியில் விளக்கினார்கள். கணினியைத் தொட்டிராதவருக்கும் கணினியின் பயன் போய்ச் சேர்ந்தது. நகர்ப்புற அறிஞர்கள் பலர் இன்னும் கற்காத பாடத்தை ஒரு மலைநாட்டு வானொலி அன்றே கற்பித்தது.

நான் என் வகுப்பறையில் செய்தது அதனினும் சிறியது. குழாய், புறா, கடைசிச் செடி ஆகிய மூன்றையும் ஒரு பாடவேளையில் விளக்கினேன். உபதேசம் ஏதும் செய்யவில்லை. தொலைபேசியைப் பறிமுதல் செய்யவும் இல்லை. சிலர் தாமாகவே அறிவிப்பு ஒலிகளை நிறுத்தினார்கள். ஒருவன் தன் தம்பிக்கு விளக்கியதாகச் சொன்னான். எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நானே முழுவதும் திருந்தவில்லை. ஆனால் "எனக்கு மன உறுதி இல்லை" என்று முன்பு எழுதிய ஒரு பிள்ளை, அடுத்த வாரம் "இது என்னைப் பிடித்து வைக்கச் செய்யப்பட்டிருக்கிறது" என்று எழுதினாள். முதல் வாக்கியம் மனிதனைக் குனிய வைக்கும். இரண்டாவது அவனைக் கேள்வி கேட்க வைக்கும்.

அதே பிள்ளை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாள். அவளுடைய தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதற்குப் புதிய மின்தராசு வந்திருக்கிறது. இலக்கம் ஒளிரும் முகம் நிறுப்பவரை நோக்கியிருக்கிறது. சாக்குக்குக் கழிவு, தண்ணீருக்குக் கழிவு என்று அவர் சொல்லும் கிலோவைத்தான் அம்மா கேட்டுக்கொள்ள வேண்டும். "தராசும் ஒரு கருவிதானே சேர்? அதன் முகம் ஏன் அம்மாவின் பக்கம் இல்லை?"

நோர்மனின் நூலை அவள் வாசித்ததில்லை. ஆனால் அந்நூலின் உயிர்க்கேள்வியை, நோர்மன் கேட்காத இடத்தில் நின்று அவள் கேட்டுவிட்டாள். கதவின் கைப்பிடியை ஆராய்ந்தவர் கதவு யாருக்குச் சொந்தம் என்பதை ஆராயவில்லை. தராசைத் திருப்பி வைப்பதற்குப் பணம் செலவாகாது. கையளவு முயற்சி போதும். ஆயினும் அது திரும்பவில்லை. ஏனெனில் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் ஒருவருடைய ஊதியமும் இன்னொருவருடைய இலாபமும் தங்கியிருக்கின்றன.

1940இல் இதே பதுளையின் வேவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர்கள் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, அதனோடு கலந்தாலோசித்தே காரியம் ஆற்றுவேன் என்று துரையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு இன்று நாம் கேட்க வேண்டியவை அதிகமல்ல. தோட்டத்துக்குள் வரும் எந்தத் தராசும், எந்த அட்டையும், எந்தக் கணக்குக் கருவியும் அதனால் ஊதியம் அளக்கப்படுபவரின் கண்ணுக்கும் மொழிக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். அதனை வைப்பதற்கு முன் அவர்களைக் கேட்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை தமிழிலும், போக்கிடத்தோடும் வர வேண்டும். தொழிற்சங்க வகுப்புகளிலும் பாடசாலையிலும் கருவிகளின் உளவியல் எளிய தமிழில் கற்பிக்கப்பட வேண்டும். முதலிரண்டையும் நிர்வாகத்திடமும் அரசிடமும் போராடிப் பெற வேண்டும். மூன்றாவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, அதனை நாளைக் காலை முதற் பாடவேளையிலேயே தொடங்கலாம்.

அடுத்த பரிசளிப்பு விழாவிலும் அந்தப் பெரியவரோ அவரைப் போன்ற இன்னொருவரோ வந்து பேசுவார். அன்று நான் கைதட்டப் போவதில்லை. எழுந்து நின்று, அந்தப் பிள்ளையின் கேள்வியை அவரிடமே கேட்பேன். பின்வரிசைத் தாய்மார் ஒருமுறை தலைநிமிர்ந்து பார்த்தால் போதும்.